கராத்தே தெரிந்தவர் நல்ல செக்யூரிட்டி ஆகிவிடுவாரா?

பிளாக் பெல்ட் வாங்கிய ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டால் போதும், யாரும் வாலாட்ட மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். பயிற்சிக்கூடத்தில் ஆடுவதெல்லாம் வெளியே ஒரு நிமிடம்கூட எடுபடாது என்று வேறு சிலர் அடித்துச் சொல்வார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. பாதுகாப்புப் பணி என்றாலே சண்டை போடும் பணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பேச்சு, எந்தக் கலை வலுவானது என்பதில் போய் முட்டி நிற்கிறது. அதற்கு விடை கிடைத்தாலும் வாசலில் நிற்பவருக்குப் பெரிய பயன் இல்லை.

மருத்துவமனை அவசரப் பிரிவு, வணிக வளாகம், மதுக்கூடம், இசை நிகழ்ச்சி நடக்கும் மைதானம் என்று எங்கே நின்றாலும் செக்யூரிட்டியின் ஷிப்ட் பெரும்பாலும் பேச்சில்தான் கழிகிறது. வழி சொல்ல வேண்டும், வரிசையைச் சரிசெய்ய வேண்டும், "இதற்கு மேல் போக முடியாது" என்று சொல்ல வேண்டும், கொதித்துக்கொண்டு வருபவரிடம் நின்று காதுகொடுக்க வேண்டும். கைகலப்பு எப்போதாவதுதான் வரும். வந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். அதன் பின்விளைவு மாதக்கணக்கில் நீளும். தற்காப்புக் கலைப் பயிற்சி இந்த வேலைக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தூரம்தான் நேரம்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் நம்மைக் காப்பாற்றுவது, நாம் ஏற்கெனவே விட்டு வைத்திருக்கும் இடைவெளி. பிரேக் அதற்குப் பிறகுதான் வருகிறது. என் வண்டியில் பிரேக் அருமையாகப் பிடிக்கும் என்ற தைரியத்தில் லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு போகிறவர், சுமாரான பிரேக்கோடு தள்ளிப் போகிறவரைவிட ஆபத்தில் இருக்கிறார். தன் கைவேகத்தை நம்பி, கோபமாக இருப்பவரின் முகத்துக்கு எதிரே போய் நிற்கும் கராத்தேக்காரரின் நிலையும் இதுதான்.

இந்த இடைவெளிக்கு எதிர்வினை இடைவெளி என்று பெயர். எதிரில் இருப்பவர் அசையத் தொடங்கும் கணத்துக்கும், அதைக் கண்டு நம் உடம்பு பதில் அசைவைத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே ஓடும் நேரத்தை ஈடுகட்டும் தூரம் அது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால்கூட மனிதருக்குக் கால் நொடி அளவு தேவைப்படுகிறது. என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாதபோது அது இன்னும் கூடும். கையெட்டும் தூரத்திலிருந்து வரும் குத்து அதே அளவு நேரத்தில் முகத்தைத் தொட்டுவிடும். பார்த்துத் தடுப்பது என்பது அந்தத் தூரத்தில் எவருக்கும் நடக்காத காரியம். குத்துச்சண்டை வீரர்கள் பார்த்துத் தடுப்பது போல நமக்குத் தோன்றலாம். அவர்கள் நம்பியிருப்பது தூரத்தையும், எதிராளியின் தோளையும் கால் எடையையும் முன்கூட்டியே படிப்பதையும்தான்.

1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டுயல்லர் இதை அளந்து காட்டினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பிற்காலத்தில் இதை '21 அடி விதி' என்று பெயர் சூட்டி, அதற்குள் வந்தால் சுடலாம் என்பது போலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர் காட்டியது அனுமதி எல்லையே இல்லை. ஆயுதம் கையில் இருந்தும் தூரத்தைக் கோட்டைவிட்டால் அது உதவாது என்பதைத்தான் அந்த அளவு சொல்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1952-ல் உளவியலாளர் வில்லியம் ஹிக், விளக்குகளையும் பொத்தான்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார். தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் கூடக் கூட, பதில் சொல்ல எடுக்கும் நேரமும் கூடியது. ஒரே பிடிக்கு நாற்பது விடுபடும் முறைகள் கற்றவர் அந்த நேரத்தில் தடுமாற, நான்கே முறைகளை உடம்பில் ஏற்றிக்கொண்டவர் முந்திவிடுவதற்கு இது ஒரு காரணம். பாதுகாப்புப் பணிக்கான பயிற்சியில் முறைகள் குறைவாக இருப்பது பல நேரங்களில் குறையே இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. பேசும்போது இரண்டு கை நீளம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சாய்வாக, ஒரு கால் அரை அடி பின்னால் இருக்கட்டும். முழங்காலைப் பூட்டாதீர்கள். கைகள் இடுப்புக்கு மேலே, தாடைக்குக் கீழே, விரல்கள் விரிந்து, உள்ளங்கை தெரியும்படி இருக்கட்டும். பேசும்போது கையசைப்பது போலவே அது தெரியும். ஆனால் அங்கிருந்து முகத்தைக் காக்கக் கை ஒரு சாண் நகர்ந்தால் போதும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதைப் பிரிக்கவே நேரம் போய்விடும். பாக்கெட்டில் கை இருந்தாலும், முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தாலும் அப்படித்தான். அதோடு, எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகமும் எதிரில் இருப்பவருக்கு வரும். கராத்தேயின் தயார் நிலையிலோ குத்துச்சண்டைக் காப்பிலோ நின்றால் அது சண்டைக்கான அழைப்பு. சுற்றி நிற்பவர்கள் செல்பேசியில் எடுக்கும் படத்திலும் அப்படித்தான் பதிவாகும்.

எதிரில் இருப்பவருக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். போக இடமில்லாதவர் முட்டித்தான் ஆக வேண்டும்.

சுருக்கமாக: இடைவெளி இருந்தால் நேரம் இருக்கிறது, நேரம் இருந்தால் பேச முடிகிறது. கலைப் பயிற்சியில் கற்ற காலசைவும் தூரக் கணக்கும் இந்த இடைவெளியைக் காப்பதற்கே முதலில் பயன்பட வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது. இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும், பெரிய தசைகளுக்கு இரத்தம் ஓடும். பார்வை குறுகி, நேரே இருப்பது மட்டும் தெரியும். காது கேட்பது மங்கும். விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காது. வாக்கி-டாக்கியின் பொத்தானைத் தேடியே தடுமாறுவார்கள்.

இது இரண்டு பக்கமும் நடக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். எதிரில் கத்திக்கொண்டிருப்பவருக்கும் காது மங்கியிருக்கிறது, பார்வை குறுகியிருக்கிறது. அவரிடம் நான்கு வரி நீள விதிமுறையை ஒப்பித்தால் ஒரு சொல்லும் உள்ளே போகாது. சிறிய வாக்கியமாக, மெதுவாக, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் போய்ச் சேரும்.

தற்காப்புக் கலைப் பயிற்சியின் ஆகப் பெரிய கொடை இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டையில் ஒருவர் இந்தப் படபடப்புக்குள் நூற்றுக்கணக்கான முறை போய் வருகிறார். அடி வாங்குகிறார், வாங்கிய பிறகும் யோசிக்க முடிகிறது என்பதை உடம்பு தெரிந்துகொள்கிறது. அடிபட்டே பழகாதவர் பயத்தில் முந்துவார்: முதலில் குரல் உயரும், பிறகு கை நீளும். பழகியவரால் இன்னும் மூன்று நொடி காத்திருக்க முடியும். எத்தனையோ மோதல்கள் அந்த மூன்று நொடியில்தான் அடங்குகின்றன. ஒருவேளை நிலைமை மீறினாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் பொறுமைக்கு முதலீடு.

ஸ்பாரிங்கே செய்யாமல் காற்றில் குத்தி, வரிசை அசைவுகளை மட்டும் மனப்பாடம் செய்து பட்டை வாங்கியவருக்கு இந்தக் கொடை கிடைப்பதில்லை. நம்பிக்கை மட்டும் இருக்கும், அடித்தளம் இருக்காது. ஆபத்தான கலவை அது.

படபடப்பை இறக்க எல்லோருக்கும் எட்டும் ஒரு கருவி மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு விடும் நேரம் நீளும்போது இதயத்துடிப்பு தணியும். பேசுவதற்கு முன்னால் இப்படி ஒரே ஒரு மூச்சு விட்டாலும் குரல் ஒரு படி இறங்கும்.

பயிற்சி கண்ணையும் பழக்குகிறது. கோபமாகக் கத்துவது மட்டுமே ஆபத்தின் அறிகுறி என்று நினைக்கக் கூடாது. கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமாகி உங்களை ஊடுருவிப் பார்ப்பது அதைவிட மோசம். தாடை இறுகுவது, விரல்கள் மூடித் திறப்பது, ஒரு கால் பின்னால் போய் உடம்பு பக்கவாட்டில் திரும்புவது, எடை முன்காலுக்கு மாறுவது, யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் கண்ணோட்டுவது, உங்கள் தாடையையோ இடுப்பையோ திரும்பத் திரும்பப் பார்ப்பது, கைக்கடிகாரத்தைக் கழற்றுவது, கை இடுப்புப் பக்கம் போய்த் தடவுவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஓர் அடி பின்வாங்கி, உதவிக்கு ஆள் அழைக்க வேண்டிய நேரம்.

பேச்சும் பயின்று வருவதுதான்

டி-எஸ்கலேஷன், தமிழில் பதற்றத் தணிப்பு என்ற சொல் இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. இனிமையாகப் பேசி வழிக்குக் கொண்டுவருவது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். கோபத்தின் உச்சியில் இருப்பவர் மறுபடியும் யோசிக்கும் நிலைக்கு இறங்கி வர நேரமும் வழியும் கொடுப்பதுதான் அது. இனிமை தேவையில்லை. நிதானம் தேவை.

இதை ஒரு தொழிலாக வளர்த்தவர்களில் முன்னோடி நியூயார்க் காவல்துறை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பேச்சுவார்த்தைக்கென்றே தனிக் குழுவைப் பழக்கினார்கள். அவர்கள் கண்டுகொண்ட அடிப்படை உண்மை எளியது: நேரம் கடக்கக் கடக்க உணர்ச்சி தணியும், யோசனை திரும்பும். எனவே இழுத்தடிப்பதே ஒரு வெற்றி.

வாசலில் நிற்பவருக்கு அதன் சிறிய வடிவம் போதும். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தம்பியை அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோய் ஒரு மணி நேரமாகிறது. அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்க்கிறார். "ரூல்ஸ் தெரியாதா? வெளியே போங்க" என்றால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். "அமைதியா இருங்க" என்பதும் உதவாது. உன் கோபம் தவறு என்று சொல்வதாகவே அது அவர் காதில் விழும். பழகிய ஒருவர் இப்படிப் பேசுவார்:

"சார், உள்ளே உங்க தம்பி இருக்காரு. ஒரு மணி நேரமா யாரும் எதுவும் சொல்லல. அதானே?"

"ஆமா! யாருமே மதிக்க மாட்டேங்கறாங்க."

"காத்துக்கிட்டு நிக்கறது கஷ்டம்தான் சார். அந்த ரூமுக்குள்ள நான் விட முடியாது, டாக்டருங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒண்ணு, நர்ஸை வெளியே கூப்பிட்டு நீங்களே கேக்கலாம். இல்லன்னா இந்தக் கதவு பக்கத்துலயே உக்காருங்க, தகவல் வந்ததும் முதல்ல உங்ககிட்ட சொல்லச் சொல்றேன். எது பண்ணலாம்?"

இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன. அவருடைய நிலையை அவர் வாயாலேயே "ஆமா" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்கிறார். உணர்ச்சியை மறுக்காமல் ஏற்கிறார். முடியாததை ஒரே வாக்கியத்தில், காரணத்தோடு, மன்னிப்புக் கேட்காமல் சொல்கிறார். கடைசியில் இரண்டு வழிகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் விடுகிறார். இரண்டு வழியுமே செக்யூரிட்டிக்குச் சம்மதமானவை; அவரால் செய்து தர முடிபவை. முடியாததை வாக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் இருமடங்கு கோபம் திரும்பி வரும்.

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது எல்லாவற்றையும்விடக் கடினம். பத்து நொடி மௌனம் வாசலில் மிக நீளமாகத் தெரியும். நிரப்பாதீர்கள்.

பேசுவது ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். இரண்டு செக்யூரிட்டிகள் மாறி மாறிப் பேசினால், தன்னைச் சூழ்ந்துவிட்டார்கள் என்றே அவருக்குப் படும். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நின்று கைகளையும் கூட்டத்தையும் கவனிக்கட்டும். கூட்டம் பெரிய எரிபொருள். நண்பர்கள் எதிரில் பின்வாங்க யாருக்கும் மானம் இடம் கொடுக்காது. "சார், இப்படி ஓரமா வாங்க, சத்தம் இல்லாம பேசலாம்" என்று நாலடி நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பேச்சு எல்லோரிடமும் எடுபடாது. கோபத்தில் வரும் வன்முறை ஒரு வகை. அதற்கு மானம், பயம், ஏமாற்றம் போன்ற காரணம் இருக்கும், அதைத் தொட்டுப் பேசலாம். திட்டத்தோடு வரும் வன்முறை வேறு. கொள்ளையடிக்கவோ குறிப்பிட்ட ஒருவரைத் தாக்கவோ முடிவு செய்து வந்தவர் பேச்சையே நெருங்குவதற்கான சாக்காக எடுத்துக்கொள்வார். மணி கேட்பார், வழி கேட்பார், கேட்டுக்கொண்டே தூரத்தைத் தின்பார். அப்படிப்பட்டவரிடம் சமாதானம் பேசாமல், "அங்கேயே நில்லுங்க" என்று உரத்துச் சொல்லி, விலகி, உதவி கேட்பதே முறை. பொருளைத்தான் கேட்கிறார் என்றால் கொடுத்துவிடலாம். எந்தப் பொருளும் ஓர் உயிரளவு மதிப்புள்ளதில்லை.

சுருக்கமாக: கோபக்காரருக்கு நேரமும் இரண்டு வழியும் கொடுங்கள். திட்டக்காரரை நெருங்க விடாதீர்கள்.

கூடத்துப் பழக்கம் காலை வாரும் இடங்கள்

பயிற்சிக்கூடத்தில் சில ஒப்பந்தங்கள் சொல்லாமலே இருக்கின்றன. தொடக்கம் அறிவிக்கப்படும். எதிராளி ஒருவர்தான், அவருக்கும் விதி தெரியும். கீழே மெத்தை இருக்கும். போதும் என்றால் கையால் தட்டினால் விட்டுவிடுவார்கள். வாசலில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பல வருடம் ஒப்பந்தத்துக்குள் பழகிய உடம்பு அதை வெளியேயும் எதிர்பார்க்கும்.

முகத்தில் குத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கைச்சுற்றுத் துணியும் இல்லாத முஷ்டி மண்டையோட்டில் மோதும்போது பெரும்பாலும் உடைவது குத்தியவரின் சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் உள்ளங்கை எலும்பு. பல்லில் பட்டுக் கிழிந்த முட்டி எளிதில் சீழ் பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து அடி வாங்கியவருக்கு: நினைவிழந்து விழுபவர் கையூன்றமாட்டார், தலை நேராகச் சிமென்ட் தரையில் மோதும். ஒரே குத்தில் நடந்த மரணங்களில் பல, குத்தால் நேர்ந்தவை அல்ல, தரையால் நேர்ந்தவை. மது குடித்திருப்பவர் இன்னும் மோசமாக விழுவார்.

பிடிச்சண்டைக் கலையான ஜுஜிட்சுவில் தரைக்கு இழுத்துச் சென்று கட்டுவது சிறந்த உத்தி. வாசலில், தரையில் இருக்கும் செக்யூரிட்டிக்கு எதிராளியின் நண்பர்கள் தெரியமாட்டார்கள். உயர உதைகள் ஈரத் தரையிலும் பணிக் காலணியிலும் வழுக்கும். மணிக்கட்டைத் திருகி வலியால் பணியவைக்கும் முறைகள், குடிபோதையிலோ அட்ரினலின் உச்சத்திலோ இருப்பவரிடம் வேலை செய்யாது. வலிக்கவில்லையே என்று இன்னும் திருகினால் மூட்டு உடையும்.

கழுத்துப் பிடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களையும் சரியாக அழுத்தினால் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். ஜூடோவில் இது பாதுகாப்பாக நடப்பதற்குக் காரணம் நடுவர் பார்த்துக்கொண்டிருப்பதும், பிடிக்கப்பட்டவர் தட்டியதும் விட்டுவிடுவதும். வாசலில் பிடிபட்டவர் உயிர் பயத்தில் திமிறுவார். திமிறும்போது பிடி நழுவிக் குரல்வளைமேல் விழும். நியூயார்க் காவல்துறை 1993-லேயே கழுத்துப் பிடியைத் தடை செய்திருந்தது. அப்படியிருந்தும் 2014-ல் அங்கே எரிக் கார்னர் என்பவர் அந்தப் பிடியில் சிக்கிய கைது முயற்சியின்போது இறந்துபோனார். பாதுகாப்புப் பணியில் கழுத்தை அடியோடு மறந்துவிடுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

மறுபக்கம், அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியவையும் நிறைய. ஜப்பானியக் கலைகளான ஜூடோவிலும் ஐக்கிடோவிலும் முதல் மாதம் கற்றுத்தரும் விழும் கலை அவற்றில் தலையாயது. தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு விழத் தெரிந்தவர் படிக்கட்டிலும் தள்ளுமுள்ளிலும் தலையைக் காப்பாற்றிக்கொள்வார். சிலம்பத்தின் காலடி வரிசை, பக்கவாட்டில் விலகப் பழக்குகிறது. நேர்ப் பின்னால் ஓடுபவரைவிட, சாய்கோணத்தில் விலகுபவரைப் பிடிப்பது கடினம்.

மணிக்கட்டைப் பிடித்தால் விடுபடுவது தினமும் உதவும் ஒன்று. பிடித்த கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் மறுபக்கம். விரல் நுனிகளும் கட்டைவிரல் நுனியும் சந்திக்கும் இடம்தான் பிடியின் வாய். உங்கள் மணிக்கட்டு தட்டையானது. அதன் ஒடுங்கிய விளிம்பை அந்த வாய்க்கு நேராகத் திருப்புங்கள். கையைப் பின்னால் இழுக்காதீர்கள், அங்கே அவருடைய பலம் கூடும். மாறாக, முழங்கையை அவரை நோக்கி முன்னால் கொண்டுபோய் மடக்குங்கள். மணிக்கட்டு தானாகவே வாயைத் திறந்துகொண்டு வெளியே வரும். அதே நேரத்தில் பின்காலை எடுத்து இரண்டு கை நீளம் விலகுங்கள்.

பல கூடங்களில் விடுபட்டதும் ஒரு குத்தைச் சேர்த்துத்தான் பழக்குவார்கள். பாதுகாப்புப் பணிக்குப் பழகும்போது அந்தக் குத்தை எடுத்துவிட்டு, கைகளைத் திறந்து, "சார், கை வேண்டாம். பேசலாம்" என்ற சொல்லைச் சேருங்கள். சொல்லையும் அசைவையும் சேர்த்துப் பழகினால்தான் தேவைப்படும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து வரும்.

ஒருவரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம்; ஒரு கை அவருடைய முழங்கைக்கு மேலே, மறு கை மணிக்கட்டில், உங்கள் இடுப்பு அவர் இடுப்பை ஒட்டி. தனியாளாகச் செய்யும் பெரும்பாலான பிடிகளில் அவருக்கு ஒரு கை மிச்சம் இருக்கும்.

கட்டுப்பிடியும் மூச்சும்

உயிர்ச்சேதத்துக்குக் காரணமாகக்கூடிய இடம் இது, ஆனால் கூடங்களில் மிகக் குறைவாகச் சொல்லித் தரப்படுகிறது. மூச்சு இழுக்க விலா விரிய வேண்டும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானம் கீழிறங்கி வயிற்றைத் தள்ள வேண்டும். குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஆள் ஏறினால் இரண்டும் தடைபடும். போராடிக் களைத்த உடம்புக்கோ வழக்கத்தைவிட அதிகமாகக் காற்று தேவை. உடல் கிடக்கும் நிலையே மூச்சை அடைக்கும் இதற்கு நிலைசார் மூச்சடைப்பு என்று பெயர்.

காற்றுக்காகத் திமிறுவதை, மேலே இருப்பவர் எதிர்ப்பு என்று தவறாகப் படித்து இன்னும் அழுத்துவார். அழுத்த அழுத்தத் திமிறல் கூடும். பிறகு சட்டென்று அடங்கும். அடங்கிவிட்டான் என்று நிம்மதி கொள்ளும் அந்தக் கணம்தான் இதயம் நின்றுகொண்டிருக்கும் கணமாக இருக்கலாம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கைது செய்த காவலர் அவர் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றியதை உலகமே பார்த்தது. மூச்சுவிட முடியவில்லை என்று ஃபிளாய்டு பலமுறை சொன்னார், இறந்துபோனார். பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சு இருக்கிறது என்ற வாதம் தவறு. ஓரிரு சொல் பேசச் சிறிதளவு காற்று போதும். உயிர் வாழ அது போதாது.

அதனால் முதுகிலும் கழுத்திலும் எடை ஏற்றவே கூடாது. தரையில் விழுந்தவரைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும், சில நொடிகளுக்குள் பக்கவாட்டில் திருப்புங்கள், முடிந்தால் உட்காரவையுங்கள். ஒருவருக்கு ஒரே வேலை: தலைப் பக்கம் இருந்து முகத்தையும் உதட்டின் நிறத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பது. மற்றவர்களை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு, அவர் பதவியில் இளையவராக இருந்தாலும். மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும்.

சட்டம் பார்க்கும் கண்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பலம் பிரயோகிக்கத் தேவை இருந்ததா? ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருந்ததா? ஆபத்து நீங்கியதும் நிறுத்தினீர்களா? மூன்றாவதில்தான் கலை பயின்றவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மூன்று அடி கொண்ட தொடரை ஆயிரம் முறை பழகியவரின் உடம்பு, முதல் அடியிலேயே எதிராளி தளர்ந்துவிட்டாலும் மீதி இரண்டையும் முடித்துத்தான் நிற்கும். செக்யூரிட்டி காவல்துறை இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவருக்கு இருப்பது சாதாரணக் குடிமகனின் தற்காப்பு உரிமையும், இட உரிமையாளர் சார்பில் வெளியேறச் சொல்லும் உரிமையும் மட்டுமே.

பிரிட்டனில் மதுக்கூட வாசலில் நிற்க உரிமம் வேண்டும். அதற்கான பயிற்சியில் மோதல் மேலாண்மையும், உடல் பலத்தைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் முறையும் கட்டாயம். எந்தக் கலையில் என்ன பட்டை என்று அங்கே கேட்பதில்லை.

பழகும் முறையை மாற்றுவது

வாரம் இரண்டு நாள் கூடத்துக்குப் போவதை அப்படியே தொடரலாம். மூன்றாவதாக ஒரு நாள் காட்சிப் பயிற்சி வேண்டும். ஒருவர் பிரச்சினை செய்பவராக நடிக்க, மற்றவர் பணியில் இருப்பவராக அதைக் கையாளும் பயிற்சி இது. பத்துக் காட்சியில் குறைந்தது ஏழு பேச்சிலேயே தீரக்கூடியதாக இருக்கட்டும். எல்லாக் காட்சியும் சண்டையில் முடிந்தால், பேச்சு என்பது சண்டைக்கு முன்னுரை என்று உடம்பு படித்துவிடும். நடிப்பவருக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: எதிரில் இருப்பவர் நன்றாகக் கையாண்டால் நிஜமாகவே தணிய வேண்டும்.

சீருடையும் பணிக் காலணியும் வாக்கி-டாக்கியும் அணிந்து பழகுங்கள். பின்னணியில் சத்தத்தை ஓடவிடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம் ஓடவைத்து மூச்சு வாங்கும் நிலையில் காட்சியைத் தொடங்குங்கள். ஓடிப்போய்ச் சேரும் நிலையில்தான் பல அழைப்புகள் வருகின்றன. சில காட்சிகளில் விலகிப் போவதுதான் சரியான விடையாக இருக்க வேண்டும். அதைச் செய்தவரைப் பயிற்சியாளர் எல்லோர் முன்னிலும் பாராட்ட வேண்டும், இல்லையென்றால் யாரும் விலகமாட்டார்கள்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி அறிக்கை எழுதவையுங்கள். "அவர் ஆக்ரோஷமானார், எனவே கட்டுப்படுத்தினேன்" என்ற வரி எங்கேயும் செல்லாது. "9:40-க்கு வந்தார். இரண்டு முறை பின்னால் போகச் சொன்னேன். கையெட்டும் தூரத்துக்கு வந்து வலது முஷ்டியை ஓங்கினார். நான் இரு உள்ளங்கைகளாலும் தோளைத் தள்ளி விலகினேன். அவர் நின்றதும் நானும் நின்றேன். காயம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்" என்று கண்டது, சொன்னது, செய்தது, நிறுத்தியது என்ற வரிசையில் இருக்க வேண்டும். எழுதியதை நடித்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நினைவில் இருப்பதும் தாளில் இருப்பதும் எங்கே வேறுபடுகிறதோ, அங்கே பார்வை குறுகியிருக்கிறது என்று பொருள். அடுத்த வாரக் காட்சியை அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.